ஸ்கோர் 8, ஆக்ஸிஜன் 84: கோவிட் நுரையீரலில் ஒரு ரத்தக்கட்டி – நிகழ்வு ஆய்வு

2021 மே மாதம் தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குப் போன் செய்தாலும் ஒரு எண்ணைச் சொன்னார்கள். "மாமாவுக்கு ஸ்கோர் 14-ஆம்." "பக்கத்து வீட்டு அக்காவுக்கு 6 தானாம், பயமில்லையாம்." மாநிலத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான மாதம் அது. நான் ஒரு மாவட்டத் தலைநகரில் ரேடியாலஜிஸ்ட். நெஞ்சு சிடி மட்டுமே நாளைக்கு ஐம்பதுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்கோரைப் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நுரையீரலில் 5 மடல்கள். ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 25-க்குக் கூட்டுவதுதான் ஸ்கோர். காற்றறைகள் எவ்வளவு அடைபட்டிருக்கின்றன என்பதை அது ஓரளவு சொல்லும். அந்தக் காற்றறைகளைச் சுற்றி ஓடும் ரத்தக்குழாய்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. கீழே எழுதியிருக்கும் நோயாளியின் கதை முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

ஆண், 47 வயது. மாவு மில் வைத்திருப்பவர். 6 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தது. புகைப்பழக்கம் கிடையாது. அவருக்கோ குடும்பத்தில் யாருக்குமோ முன்பு ரத்தக்கட்டி வந்ததில்லை.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். 3-ஆம் நாள் ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ். 6-ஆம் நாள் எங்களிடம் வந்து பிளெயின் எச்ஆர்சிடி எடுத்துக்கொண்டார், அதாவது நரம்பில் எந்த மருந்தும் செலுத்தாமல் எடுக்கும் சிடி. இரண்டு நுரையீரல்களின் கீழ் மடல்களிலும் ஓரமாக, மங்கலான கண்ணாடி போன்ற திட்டுகள். ஸ்கோர் 25-க்கு 8. ரிப்போர்ட் எழுதியது நான். அன்று ஆக்ஸிஜன் அளவு 96 இருந்ததால் வீட்டுக்கே அனுப்பப்பட்டார்.

8-ஆம் நாள் 91-க்கு இறங்கியதும் அட்மிட் ஆனார். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்ஸிஜன், ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., வைரஸுக்கு எதிரான ரெம்டெசிவிர், ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸபாரின் 40 மி.கி. தினம் ஒரு முறை வயிற்றில் ஊசி. அன்றைக்கு எல்லா ஊரிலும் எழுதப்பட்ட மருந்துச்சீட்டுதான். மருந்து கேட்டது. 11-ஆம் நாள் காய்ச்சல் இல்லை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்கியிருந்தது, 2 லிட்டர் ஆக்ஸிஜனில் 95 நின்றது. இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

12-ஆம் நாள் காலை ஆறரை மணி. பாத்ரூம் போய்விட்டுத் திரும்பியவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படுக்க முடியவில்லை. ஆக்ஸிஜன் 84, நாடி 124, மூச்சு நிமிடத்துக்கு 34, ரத்த அழுத்தம் 110/70. மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது என்றார். காய்ச்சல் இல்லை. பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் கொடுத்ததும் 92-க்கு வந்தது.

"வர்றதுக்குள்ளயே"

ஏழே கால் மணிக்கு எனக்கு வந்த சீட்டில் 'ரிபீட் எச்ஆர்சிடி, ஸ்கோர்' என்று இருந்தது. வார்டுக்குப் போன் செய்தேன். இரவெல்லாம் விழித்திருந்த டியூட்டி டாக்டர் எடுத்தார். இளம் பெண், அந்த வார்டில் நாற்பது பேரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"சார், ஸ்கோர் கூடியிருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க. அடுத்து என்ன பண்றதுன்னு முடிவு பண்ணணும்."

"மூச்சு வாங்கறது எப்ப ஆரம்பிச்சதும்மா?"

"பாத்ரூம் போயிட்டு வந்தார் சார். வர்றதுக்குள்ளயே."

"நேத்து ராத்திரி எப்படி இருந்தார்?"

"ரெண்டு லிட்டர்ல 95. அவரே எந்திரிச்சு உக்காந்து இட்லி சாப்பிட்டார்."

அந்த 'வர்றதுக்குள்ளயே' என்ற ஒரு சொல்தான் எனக்குப் போதுமானதாக இருந்தது. வைரஸ் நிமோனியா மோசமாகும்போது மணிக்கணக்கில், நாள்கணக்கில் இறங்கும். 95 என்பது 93 ஆகும், ராத்திரி 90 ஆகும், ஆக்ஸிஜனைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவில் 11 புள்ளி விழுவது அதன் நடை அல்ல. இப்படி நிமிடங்களில் விழுந்தால் மூன்று சந்தேகங்கள் முதலில் வரவேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம், இதயத்தில் ஏதாவது நடந்திருக்கலாம், அல்லது நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பல்மனரி எம்பாலிசம் என்கிறோம்.

முதல் இரண்டையும் படுக்கையிலேயே பார்த்துவிட முடிந்தது. கட்டிலருகே எடுத்த எக்ஸ்ரேயில் காற்றுக் கசிவு இல்லை. 8-ஆம் நாள் எக்ஸ்ரேயைவிட நுரையீரல் மோசமாகவும் தெரியவில்லை. ஈசிஜியில் இதயம் வேகமாகத் துடிப்பது தவிர வேறொன்றுமில்லை. படத்தில் நுரையீரல் அப்படியே இருக்கிறது, ஆனால் மூச்சு மட்டும் விழுந்துவிட்டது. கணக்குப் பொருந்தவில்லை.

டி-டைமர் என்ன என்று கேட்டேன். 8-ஆம் நாள் வெளி லேப் ரிப்போர்ட்டில் 0.78 என்றும், அன்று காலை மருத்துவமனை லேபில் 6,400 என்றும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். முதலாவது லிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது மில்லிலிட்டருக்கு நானோகிராம். ஒரே அளவுக்கு மாற்றினால் 780-இலிருந்து 6,400. நான்கு நாளில் எட்டு மடங்கு. ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள் என்று ஜூனியர்களுக்கு நான் இன்றும் சொல்வது இதனால்தான்.

உறைந்த ரத்தம் கரையும்போது உதிரும் துணுக்குதான் டி-டைமர். சாதாரண நாளில் 500 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், சந்தேகமும் குறைவாக இருந்தால், கட்டி இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். கோவிட்டில் அந்த வசதி போய்விட்டது. கட்டி இல்லாதவர்களுக்கும் அது ஏறியே இருக்கும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் 2020 வசந்தத்தில் கோவிட் நோயாளிகள் 106 பேருக்கு எடுத்த சிடி ஆஞ்சியோகிராம்களில் 32 பேருக்குக் கட்டி இருந்தது. அந்த 32 பேருக்கும் டி-டைமர் 2,660-க்கு மேல். அதனால் 6,400 என்ற எண்ணைவிட அது ஏறிய வேகமும், மூச்சு விழுந்த வேகமும் சேர்ந்து வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

"பிளெயின் வேண்டாம்மா. கான்ட்ராஸ்ட் போட்டு ஆஞ்சியோ எடுத்துடலாம்" என்றேன். கிரியாட்டினின் 1.1, சிறுநீரகத்தைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் டியூட்டி டாக்டர் தயங்கினார். வீட்டார் இன்னொரு சிடி என்றாலே பயப்படுகிறார்கள் என்றார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஒரு சிடி 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று டெல்லியிலிருந்து ஒரு பேட்டி வந்து வாட்ஸ்அப்பெல்லாம் சுற்றியது. பழைய இயந்திரக் காலத்துக் கணக்கு அது என்று ரேடியாலஜிஸ்டுகள் சங்கம் மறுத்தது; மறுப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. லேசான காய்ச்சலுக்கெல்லாம் சிடி எடுக்காதீர்கள் என்ற அந்த அறிவுரை சரியானதே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே கேள்வி வேறு. நுரையீரல் ஆஞ்சியோகிராம் ஒன்றில் உடம்பில் படும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயல்பாகவே ஓரிரு ஆண்டுகளில் வந்து சேரும் அளவுதான். கட்டியைத் தவறவிட்டால் போவது உயிர். அவருடைய மனைவியிடம் நானே போனில் பேசினேன். இரண்டு நிமிடத்தில் சம்மதித்தார்.

மேசையில்

கட்டியைப் பிளெயின் சிடியில் ஏன் பார்க்க முடியாது? சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடர்த்தி எண் உண்டு. சிடியைக் கண்டுபிடித்து 1979-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அந்த அலகு. நீர் 0, காற்று −1000. ஓடும் ரத்தம் ஏறக்குறைய 40. புதிதாக உறைந்த கட்டி அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறத்தைத் தேட வேண்டும். பெரிய கட்டி என்றால் அரிதாகக் கண்ணில் படும், அவ்வளவே. அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் வேகமாகச் செலுத்தினால் ஓடும் ரத்தம் 250, 300-க்கு மேல் போய் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். கட்டிக்குள் மருந்து போகாது. வெள்ளைக் குழாய்க்குள் அது கருத்துத் தெரியும்.

ஆனால் மருந்து நுரையீரல் தமனியில் நிற்பது சில விநாடிகள்தான். அந்த விநாடிகளைப் பிடிக்கத்தான் பாடெல்லாம்.

அவர் ஸ்ட்ரெச்சரில் வந்தபோது புறங்கையில் நரம்பில் மருந்தேற்றும் குழாயான நீல நிற வென்ஃப்ளான் இருந்தது. ரெம்டெசிவிர் ஏற்றப் போட்டது, 22 கேஜ். விநாடிக்கு நாலரை மி.லி. வேகத்தில் அதில் மருந்தைத் தள்ளினால் நரம்பு வெடித்துத் தோலுக்கடியில் பரவிவிடும். முழங்கை மடிப்பில் அதைவிடப் பருத்த ரோஸ் நிற 20 கேஜாவது வேண்டும். சிஸ்டர் இரட்டைக் கையுறையோடு, மூச்சுக்காற்றில் பனி படிந்த ஃபேஸ் ஷீல்டுக்குள்ளிருந்து நரம்பைத் தேடினார். கண்ணால் பார்க்க வழியில்லை. விரல் நுனியால் அழுத்தி அழுத்தித் தடவினார். இரண்டாவது முறை ஏறியது. அந்தப் படம் தெளிவாக வந்ததற்கு முதல் காரணம் அந்த ஒரு குத்துதான்.

அடுத்தது மூச்சு. நெஞ்சு சிடிக்கு வழக்கமாக 'நல்லா மூச்சை இழுத்து அடக்குங்க' என்போம். ஆஞ்சியோவுக்கு அது ஆகாது. ஆழமாக இழுத்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்து மருந்து கலக்காத ரத்தம் குபுகுபுவென்று இதயத்துக்குள் ஏறி, நாம் அனுப்பும் மருந்தை நீர்த்துவிடும். குழாய் பாதியில் கருத்து, கட்டி போலவே ஏமாற்றும். எங்கள் டெக்னீஷியன் அவர் காதருகே குனிந்து சொன்னார்: "அண்ணே, மூச்ச ரொம்ப இழுக்காதீங்க. சாதாரணமா விட்டுட்டு இருங்க. நிறுத்துன்னு சொல்றப்ப அப்படியே நிறுத்திக்கங்க, அஞ்சே செகண்டு. மருந்து போறப்ப உடம்பெல்லாம் சூடா வரும், ஒண்ணுக்குப் போற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க." அவர் தலையை மட்டும் ஆட்டினார். மல்லாக்கப் படுத்ததும் ஆக்ஸிஜன் 92-இலிருந்து 88-க்கு வந்திருந்தது.

60 மி.லி. கான்ட்ராஸ்ட், பின்னாலேயே 40 மி.லி. உப்புத் தண்ணீர். திரையில் நுரையீரல் தமனியின் அடிமரத்தில் ஒரு சிறு வட்டம் போட்டு வைத்திருந்தோம். இயந்திரம் அந்த வட்டத்தின் அடர்த்தியை விநாடிக்கு ஒரு முறை எடுத்துச் சொல்லும். 42. 44. 43. ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கும்போதே 58. அப்புறம் 97. அடுத்தது 160. நாங்கள் வைத்திருந்த எல்லை 120. ஸ்கேன் தானாகக் கிளம்பியது. கீழிருந்து மேலாக எடுக்க வைத்திருந்தேன், ஏனென்றால் மூச்சில் அதிகம் ஆடுவது கீழ் மடல்தான். அவர் மூச்சை விட்டுவிட்டாலும் அதற்குள் அந்தப் பகுதி முடிந்திருக்கும். நாலாவது விநாடி இருமிவிட்டார். கீழ் மடல்கள் அதற்குள் பதிவாகியிருந்தன.

படத்தில் கண்டது

காவிரிப் பாசனத்தில் தண்ணீர் எங்கே நின்றுவிட்டது என்று தேடுபவர், தலைமடையிலிருந்து கடைமடை வரை ஒவ்வொரு வாய்க்காலாக நடந்துதான் பார்ப்பார். நுரையீரல் தமனியைப் பார்ப்பதும் அப்படித்தான். அடிமரம், வலது கிளை, இடது கிளை, மடல் கிளை, அதன் கிளைகள். ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரம் வரை விடாமல் பின்தொடர வேண்டும். இன்னொரு சிறிய விஷயம், இதை மறப்பவர்கள் நிறையப் பேர்: திரையின் வெளிச்ச அமைப்பை வழக்கமான நெஞ்சு அமைப்பிலேயே விட்டால் மருந்தின் பளீர் வெண்மை சின்னக் கட்டிகளை விழுங்கிவிடும். அகலம் 700, நடு 100 என்ற அளவுக்கு மாற்றிக்கொண்டால்தான் கட்டி பிரிந்து தெரியும்.

அடிமரம் சுத்தமாக இருந்தது. வலது முதன்மைக் கிளையும் சுத்தம். அங்கிருந்து கீழ் மடலுக்கு இறங்கும் கிளையில், குழாயின் நடுவே கருப்பாக ஒரு கட்டி. சுற்றிலும் மெல்லிய வெள்ளை வளையமாக மருந்து. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஓட்டையுள்ள போலோ மிட்டாய் போல இருக்கும், அதனாலேயே அந்தப் பெயரில்தான் பாடப் புத்தகங்களிலும் சொல்கிறார்கள். நீளவாக்கில் பார்த்தால் இரண்டு வெள்ளைத் தண்டவாளங்களுக்கு நடுவே கருப்புப் பாதை. கட்டி கீழே இரண்டு கிளைகளாகப் பிரிந்து, கடைசிக் கிளையில் குழாயை முழுதாக அடைத்திருந்தது. அடைபட்ட இடத்தில் குழாய் பக்கத்துக் குழாய்களைவிடப் பருத்திருந்தது, அது புதிய கட்டியின் அடையாளம். பழைய கட்டி என்றால் குழாய் சுருங்கி, கட்டி சுவரோடு ஒட்டி, உள்ளே வலை போல இழைகள் தெரியும். இங்கே அப்படி எதுவுமில்லை. இடது கீழ் மடலிலும் ஒரு கிளையில் கட்டி.

இடது மேல் மடலில் ஒரு புள்ளி என்னைப் பத்து நிமிடம் பிடித்து வைத்தது. மிகச் சின்னக் கிளை, அதில் ஒரு கருமை. ஆனால் திரையின் வெளிச்சத்தை நுரையீரல் பார்க்கும் அமைப்புக்கு மாற்றி அதே இடத்தைப் பார்த்தால் குழாயின் ஓரங்கள் இரட்டையாகத் தெரிந்தன. அவர் இருமிய விநாடி அங்கேதான் விழுந்திருந்தது. அசைவால் வந்த பொய். அதைக் கட்டி என்று எழுதவில்லை. மூச்சுத் திணறும் நோயாளிகளின் படத்தில் இப்படிப் பொய்கள் நிறைய வரும். சளி அடைத்த மூச்சுக்குழல், தமனிக்குப் பக்கத்திலேயே ஓடுவதால், அதுவும் கட்டி போல ஏமாற்றும். அடுத்தடுத்த படங்களில் தொடர்ந்து தெரிகிறதா, வேறு கோணத்தில் வெட்டினாலும் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும். இல்லாத கட்டிக்கு மூன்று மாதம் ரத்தத்தை நீர்க்க வைப்பதும் ஆபத்துதான்.

அடுத்து இதயம். வலது கீழறை 46 மி.மீ., இடது கீழறை 38 மி.மீ. சாதாரணமாக இடதுதான் பெரிதாக இருக்கும். இங்கே வலதை இடதால் வகுத்தால் 1.2. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர் வழக்கம்போல வலப்பக்கம் வளைந்திருக்காமல் தட்டையாகியிருந்தது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலது அறை வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பதை இந்த அளவு நன்றாகச் சொல்லும். ரிப்போர்ட்டில் கட்டியை எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் செய்ததாக ஆகும் என்பது என் கருத்து.

கடைசியாக நுரையீரல். 6-ஆம் நாள் பார்த்த கண்ணாடித் திட்டுகள் மங்கி, ஆறிவரும் கோடுகளாக மாறியிருந்தன. ஆனால் வலது கீழ் மடலின் ஓரத்தில், அடைபட்ட அந்தக் கிளை போய்ச் சேரும் இடத்தில், புதிதாக ஒரு முக்கோணத் திட்டு. அடிப்பக்கம் நுரையீரல் உறையை ஒட்டி, நடுவில் சற்று அடர்த்தி குறைந்து. பக்கத்தில் கொஞ்சம் நீர். ரத்தம் போகாமல் அந்தத் துண்டு நுரையீரல் செத்துப்போயிருந்தது. விலாவில் குத்தியது அதுதான்.

இந்த இடத்தில்தான் நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன். கோவிட் திட்டும் ஓரத்தில்தான் வரும், கீழ் மடலில்தான் வரும், உறையை ஒட்டித்தான் வரும். கேட்டபடியே பிளெயின் சிடி எடுத்திருந்தால் அந்த முக்கோணத்தையும் கோவிட் என்றே எண்ணிக் கூட்டியிருப்பேன். 'ஸ்கோர் 8-இலிருந்து 10, நோய் சற்று முற்றியிருக்கிறது' என்று ரிப்போர்ட் போயிருக்கும். ஸ்டீராய்டைக் கூட்டியிருப்பார்கள். எனாக்ஸபாரின் 40 மி.கி.யிலேயே நின்றிருக்கும். எழுதிய ஒவ்வொரு வரியும் சரியாக இருந்திருக்கும், நோயாளி மட்டும் தவறான பாதையில் போயிருப்பார்.

கட்டி எங்கிருந்து வந்தது

வழக்கமான பாடம் இது: கால் நரம்பில் கட்டி உருவாகும், பிய்த்துக்கொண்டு மேலேறும், நுரையீரலில் போய் அடைக்கும். அதனால் அன்று மாலையே இரண்டு கால்களுக்கும் டாப்ளர், அதாவது ரத்தக்குழாய்க்கான அல்ட்ராசவுண்ட், பார்த்தேன். தொடையிலிருந்து கணுக்கால்வரை நரம்பை இரண்டு விரற்கடைக்கு ஒரு முறை புரோபால் அழுத்திக்கொண்டே போவோம். கட்டியில்லாத நரம்பு அழுத்தினால் சப்பென்று மூடிக்கொள்ளும். அவருக்கு எல்லா இடத்திலும் மூடியது. காலில் ஒன்றுமில்லை.

காலிலிருந்த கட்டி முழுதாகப் பிய்த்துக்கொண்டு போயிருக்கலாம் என்பது ஒரு வாய்ப்பு. ஆனால் கோவிட்டில் நுரையீரலில் கட்டி இருந்தும் காலில் இல்லாதவர்கள் கணிசமாக உண்டு. கட்டிகள் பெரும்பாலும் பெரிய அடிமரத்தில் இல்லாமல் கிளைகளில், அதுவும் நோயுற்ற மடல்களிலேயே இருப்பதும் பலர் கவனித்தது. கட்டி வந்து சேரவில்லை, அங்கேயே உருவானது என்று எண்ண இடமிருக்கிறது.

ரத்தம் உறைய மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் முதலாண்டுகளிலேயே ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோவின் பெயரோடு படிப்பார்கள்: குழாய்ச் சுவர் புண்ணாவது, ஓட்டம் மந்தமாவது, ரத்தமே கெட்டியாகும் தன்மை பெறுவது. கோவிட்டில் மூன்றும் ஒரே படுக்கையில் கூடுகின்றன. வைரஸும் அதை எதிர்த்து எழும் அழற்சியும் நுரையீரலின் நுண்குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. வெள்ளணுக்கள் வைரஸைப் பிடிக்க வலை வீச, அந்த வலையிலேயே தட்டணுக்கள் சிக்கி உறைகின்றன. உறைவுப் புரதமான ஃபைப்ரினோஜென் ஏறுகிறது. நோயாளியோ நாள்கணக்கில் கட்டிலிலேயே கிடக்கிறார்.

2020-இலேயே இதற்கான தடயங்கள் பிரேதப் பரிசோதனை மேசைகளில் கிடைத்துவிட்டன. ஹாம்பர்கில் கோவிட்டில் இறந்த 12 பேரைப் பரிசோதித்தபோது 7 பேருக்குக் காலின் ஆழ் நரம்புகளில் கட்டி இருந்தது. உயிரோடிருந்தபோது யாருக்கும் அந்தச் சந்தேகம் எழவில்லை. 4 பேருக்கு நுரையீரல் கட்டிதான் மரணத்துக்கு நேரடிக் காரணம். இன்னொரு குழு, கோவிட்டில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் இன்ஃபுளுவென்சாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டது. நுண்குழாய்க் கட்டிகள் கோவிட்டில் 9 மடங்கு.

அதற்காக மற்ற வைரஸ்கள் அப்பாவி என்று நினைக்கக் கூடாது. 2009 பன்றிக் காய்ச்சலின்போதே, மிச்சிகனில் தீவிர சிகிச்சைக்குப் போன எச்1என்1 நோயாளிகள் 14 பேரில் 5 பேருக்குச் சிடியில் நுரையீரல் கட்டி தென்பட்டது. பிரான்சின் லீல் நகரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவு 2020-இல் தன் கோவிட் நோயாளிகள் 107 பேரில் 22 பேருக்குக் கட்டி கண்டபோது, முந்தைய ஆண்டு இன்ஃபுளுவென்சாவோடு வந்த 40 பேரில் 3 பேருக்கு இருந்ததையும் சேர்த்தே எழுதியது. குறைவுதான், ஆனால் பூஜ்யமில்லை. டிசம்பரில் ஃப்ளூவோடு வருபவருக்கும் அந்த 'வர்றதுக்குள்ளயே' கேள்வியைக் கேட்க வேண்டும்.

சிகிச்சை

எட்டே முக்காலுக்கு வார்டுக்குப் போனில் சொல்லிவிட்டேன், ரிப்போர்ட் அடிக்கும் வரை காத்திருக்கவில்லை. எனாக்ஸபாரின் உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறையாக மாற்றப்பட்டது. இதயத்தின் அல்ட்ராசவுண்டான எக்கோவிலும் வலது அறை வீங்கியிருந்தது, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் லேசாக ஏறியிருந்தது. ரத்த அழுத்தம் விழாமல் நிலையாக இருந்ததால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடவில்லை. அந்த ஊசியில் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. ஆனால் அழுத்தம் விழுந்தால் உடனே போடத் தயாராக ஐசியூவில் 48 மணி நேரம் வைத்திருந்தார்கள். விழவில்லை.

14-ஆம் நாள் 15 லிட்டர் ஆக்ஸிஜன் 6 ஆனது. 17-ஆம் நாள் மூக்குக் குழாயில் 2. 21-ஆம் நாள் வெறும் காற்றில் 95-உடன் வீட்டுக்குப் போனார், கையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரையோடு.

எல்லோருக்கும் இந்தப் பாதை அமையாது. சிடி மேசை வரை கொண்டுவரவே முடியாத நிலையில் இருப்பவருக்குப் படுக்கையிலேயே எக்கோவும் கால் டாப்ளரும் பார்க்கலாம்; காலில் கட்டி தெரிந்தால் சிடி இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். கான்ட்ராஸ்ட் ஆகாதவர்களுக்கு, வசதியுள்ள ஊர்களில், நுரையீரல் ரத்த ஓட்ட ஸ்கேன் உண்டு. எங்கள் மாவட்டத்தில் அன்று அது இல்லை. முழு அளவு ரத்த நீர்ப்பு மருந்தை எல்லாக் கோவிட் நோயாளிக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடலாமே என்ற கேள்விக்கும் அந்த ஆகஸ்டில் பதில் வந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஹெபாரின் ஆய்வுகளில், சாதாரண வார்டில் இருந்தவர்களுக்கு அது உதவியது, ஐசியூவில் கவலைக்கிடமாக இருந்தவர்களுக்கு உதவவில்லை. ஆகவே கட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பழைய படம்

அவர் வீட்டுக்குப் போன அன்று இரவு 6-ஆம் நாள் சிடியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எதையாவது தவறவிட்டிருந்தால் எனக்குத் தெரிய வேண்டும். வலது கீழ் மடலில், திட்டுக்குள் ஓடும் குழாய்கள் சற்றுத் தடித்திருந்தன. கோவிட்டில் அது மிகச் சாதாரணம், நான் பார்த்த பாதிப் படங்களில் இருந்தது. அதை வைத்துக் கட்டி வரும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்த ரிப்போர்ட்டில் பிழையில்லை. ஆனால் அதைப் படிப்பவருக்கு, அந்தப் படத்தில் எதைப் பார்க்க முடியாது என்று நான் எங்குமே எழுதியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து என் பிளெயின் சிடி ரிப்போர்ட் எல்லாவற்றிலும் ஸ்கோருக்குக் கீழே ஒரு வரி சேர்ந்தது: 'கான்ட்ராஸ்ட் இல்லாத படம்; ரத்தக்குழாய்களுக்குள் கட்டி உண்டா இல்லையா என்று இதில் சொல்ல இயலாது. மூச்சுத்திணறல் படத்துக்குப் பொருந்தாமல் இருந்தால் ஆஞ்சியோகிராம் தேவை.'

அந்த வரியைப் பார்த்துவிட்டு ஜூன் மாதத்தில் மூன்று வார்டுகளிலிருந்து போன் வந்தது. ஒருவருக்குக் கட்டி இருந்தது, இருவருக்கு இல்லை.

மாவு மில்காரர் ஆகஸ்டு கடைசியில் எக்கோவுக்கு வந்தார். வலது அறை பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் மூச்சு வாங்கினால் கட்டி கரையாமல் தங்கிவிட்டதா என்று தேட வேண்டியிருக்கும். அவரை மருத்துவமனைப் படிக்கட்டில் இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தோம். 97. மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதினார்கள்.